எல்லாரும் ‘அருமை’ன்னுதான் சொல்றாங்க, கதைல என்ன குறைன்னு யார்கிட்ட எப்படி கேக்கறது?

கேள்வி: கொஞ்ச காலமா சிறுகதை எழுதி பேஸ்புக்லயும் பிரதிலிபிலயும் போட்டுட்டு வரேன். ‘அருமை’, ‘சூப்பர்’, ‘கண் கலங்கிருச்சு’ன்னு கமெண்ட் வருது. ‘குறை இருந்தா தயங்காம சொல்லுங்க’ன்னு கீழ எழுதிப் பாத்துட்டேன், யாரும் சொல்றதில்ல. ஆனா பத்திரிகைக்கோ போட்டிக்கோ அனுப்பினா ஒண்ணும் நடக்கல. நேர்மையான விமர்சனம் எங்க கிடைக்கும், எப்படி கேக்கணும்?

பதில்:

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த ‘அருமை’ போட்டவங்க யாரும் உங்கள ஏமாத்தல. கல்யாணப் பந்தியில இலை முன்னாடி உக்காந்திருக்கறப்போ பொண்ணோட அப்பா வந்து ‘சாப்பாடு எப்படிங்க’ன்னு கேட்டா, சாம்பார்ல உப்பு கம்மின்னு எவனும் சொல்ல மாட்டான், சொன்னாலும் அந்த நேரத்துல அவரால ஒண்ணும் செய்ய முடியாது, சமைச்சு இறக்கி பரிமாறியாச்சு. நீங்க கதையை போஸ்ட் போட்டுட்டு கீழ ‘குறை சொல்லுங்க’ன்னு எழுதறதும் இதேதான். உங்க சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க, ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ்னு எல்லாரும் பாக்கற இடத்துல ஒருத்தர் வந்து ‘மூணாவது பக்கத்துல கதை படுத்துருச்சு’ன்னு எழுதணும்னா அவருக்கு என்ன அவசியம்? எழுதினா உங்களுக்கு சங்கடம், அடுத்து வர்றவன் ‘நீ என்ன பெரிய எழுத்தாளனா’ன்னு அவர்கிட்ட சண்டைக்கு வருவான். அதனால தெரிஞ்சவங்களும் வாயை மூடிட்டு ஒரு ஹார்ட்டின் போட்டுட்டு போயிடுவாங்க.

என் பதில் சுருக்கமா இதுதான். போஸ்ட் போட்ட அப்புறம் கேக்காதீங்க, போடறதுக்கு முன்னாடி கேளுங்க. எல்லார்கிட்டயும் கேக்காதீங்க, மூணு நாலு பேர்கிட்ட கேளுங்க. ‘எப்படி இருக்கு’ன்னு கேக்காதீங்க, பதில் சொல்லியே ஆகவேண்டிய மாதிரி கேள்வியா கேளுங்க. மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம்தான், ஆனா அந்த விளக்கத்துலதான் விஷயமே இருக்கு, பொறுமையா படிங்க.

முன்னாடி கேக்கறதுன்னா என்னன்னு பாப்போம். நம்ம மரபுல இது ஒண்ணும் புதுசு இல்ல. தொல்காப்பியத்துக்கு பனம்பாரனார் எழுதின பாயிரத்தை, அதாவது முன்னுரையை எடுத்து பாருங்க, நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில, அதங்கோட்டாசான்னு ஒரு ஆசிரியர் முன்னாடி, ‘அரில்தபத் தெரிந்து’ன்னு, அதாவது குத்தம் குறை இல்லாம ஆராய்ஞ்சு காட்டி அரங்கேத்தினதா இருக்கு. அவ்வளவு பெரிய இலக்கணத்துக்கே உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்லயே ‘இதை இன்னார் கேட்டு சோதிச்சார்’னு பேரோட எழுதி வச்சிருக்காங்க. கேட்ட ஆளோட பேரை மறைக்கல, அதை ஒரு குறைச்சலாவும் நினைக்கல. இன்னிக்கு நம்ம ஆளுங்க நிறைய பேர் ‘இன்னொருத்தர் பாத்து சொல்லி திருத்தினேன்’னு சொல்லவே கூச்சப்படறாங்க, அந்தக் கூச்சத்தை முதல்ல விட்டுருங்க.

முன்னாடி கேக்கறதுக்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியறதில்ல. பெரும்பாலான சிறுகதைப் போட்டிகள்லயும் நிறைய பத்திரிகைகள்லயும் ‘வேறெங்கும் வெளிவராத படைப்பா இருக்கணும், இணையம், முகநூல் உட்பட’ன்னு ஒரு விதி இருக்கும். நீங்க விமர்சனம் வேணும்னு பொதுவுல போட்ட அந்த நிமிஷமே அது ‘வெளிவந்த’ கதை ஆயிடுது. அப்புறம் நல்லா திருத்தி எழுதினாலும் போட்டிக்கு அனுப்ப முடியாது, அனுப்பினாலும் தேடிப் பாத்து தள்ளிடுவாங்க. நீங்க அனுப்பின கதைங்க அப்படியே நின்னதுக்கு இதுவே கூட ஒரு காரணமா இருக்கலாம், ஒருதடவை அந்த விதிகளை எடுத்து பாத்துருங்க. அதனால டிராஃப்டை கூகுள் டாக்ல போட்டு, கமெண்ட் போட மட்டும் அனுமதி குடுத்து, லிங்க்கை தனியா அந்த மூணு நாலு பேருக்கு மட்டும் மெயில் வழியா அனுப்புங்க. லிங்க் கிடைச்ச யாரும் பாக்கலாம்ங்கற செட்டிங் வேண்டாம். திருட்டு பயம் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, இந்தியாவுல 1957ஆம் வருஷத்து பதிப்புரிமைச் சட்டப்படி நீங்க எழுதின உடனே உரிமை உங்களுக்குத்தான், பதிவு பண்ணணும்னு கட்டாயம் கூட இல்ல, அந்த டாக்ல எந்த தேதில என்ன எழுதினீங்கன்னு பழைய வடிவங்களும் இருக்கும்.

சரி, யார்கிட்ட? இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருக்கற ஒரு விஷயம் உண்டு. எழுத்தாளரா இருக்கணும்னு அவசியமே இல்ல, வாசகரா இருக்கணும். நிறைய படிக்கற, ஆனா எழுத ஆசைப்படாத ஒரு ஆள் கிடைச்சா விடாதீங்க, ஏன்னா எழுதறவங்க உங்க கதையை படிக்கறப்போ பாதி நேரம் ‘நானா இருந்தா இதை எப்படி எழுதியிருப்பேன்’னுதான் யோசிப்பாங்க, அவங்க சொல்ற திருத்தமெல்லாம் பண்ணினா கடைசியில அது அவங்க கதை ஆயிரும். ரெண்டாவது ஆள், கதை நடக்கற ஊரையோ தொழிலையோ தெரிஞ்சவர். கொங்குப் பக்கத்து ஆள் கதைல பேசறான்னா ஒரு கோயமுத்தூர்காரரோ ஈரோட்டுக்காரரோ படிக்கணும், நீங்க சினிமா பாத்து ‘ஏனுங்க, என்னங்க’ன்னு ரெண்டு ‘ங்க’ போட்டு ஒப்பேத்தியிருந்தா அவர் முதல் வரிலயே கண்டுபிடிச்சிருவார், மத்த யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. மூணாவது, உங்கள தனிப்பட்ட முறைல அதிகம் தெரியாத ஒருத்தர். வீட்டுக்காரரோ, மனைவியோ, அம்மாவோ படிச்சா சந்தோஷம், படிக்கட்டும், ஆனா அவங்க கதையை படிக்கறதில்ல, கதைக்குள்ள உங்களத் தேடுவாங்க. ‘இது நம்ம பெரியப்பா தானே’ன்னு ஆரம்பிச்சிருவாங்க.

உங்க வாசகர்கள்ல எழுதறவங்களும் இருப்பாங்க, அவங்களைப் பிடிக்கறதுக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிஞ்சு உறுதியா வேலை செய்யுது, முதல்ல நீங்க அவங்க எழுத்தை படிச்சு உருப்படியா ஏதாவது சொல்லணும். 1995ல இணையத்துல ஆரம்பிச்ச க்ரிட்டர்ஸ்னு ஒரு ஆங்கிலப் பட்டறை இருக்கு, அறிவியல் புனைகதை, ஃபேன்டஸி, திகில் கதை எழுதறவங்களுக்கானது. அங்க விதியே இதுதான், மத்தவங்க கதைக்கு ஒழுங்கா விமர்சனம் எழுதிட்டு வந்தாதான் உங்க கதைக்கு விமர்சனம் கிடைக்கும். இந்த விதிக்கு உள்ள ஒரு பெரிய நன்மை ஒளிஞ்சிருக்கு. அடுத்தவங்க டிராஃப்ட் பத்து படிச்சு ‘எனக்கு இங்க ஏன் சலிப்பு தட்டுச்சு’ன்னு காரணம் தேடி எழுதினீங்கன்னா, பதினொண்ணாவது உங்க கதையை எடுக்கும்போது அதே தப்பு உங்க கண்ணுல தானா படும். நான் பாத்தவரைக்கும், வேகமா வளர்ந்தவங்க எல்லாரும் அதிகமா விமர்சனம் வாங்கினவங்க இல்ல, அதிகமா எழுதிக் குடுத்தவங்கதான்.

அச்சுல வந்த கதைகளைத் தேடிப் படிக்கணும்னா 1970லேர்ந்து இலக்கியச் சிந்தனை அமைப்பு மாசாமாசம் பத்திரிகைகள்ல வந்த கதைகள்ல ஒண்ணை தேர்ந்தெடுத்து வருஷ முடிவுல தொகுப்பா போட்டுட்டு வந்தாங்க, பழைய தொகுப்புகள் நூலகத்துல கிடைக்கும். ஒரே மாசத்துல வந்த அத்தனை கதைகள்ல ஏன் இதை எடுத்தாங்கன்னு யோசிச்சுட்டே படிங்க. உங்க விமர்சனக் கண்ணுக்கு அது நல்ல பயிற்சி.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன், எப்படி கேக்கறது.

‘முதல் முயற்சி, தவறு இருந்தா மன்னிக்கவும்’னு ஆரம்பிக்காதீங்க. கம்பர் அவையடக்கம் பாடலையா, பாற்கடலை பூனை நக்கிக் குடிக்கப் போன மாதிரின்னு தன்னை சொல்லிக்கலையான்னு கேப்பீங்க. பாடினார், ஆனா அது வேலை முடிச்சவரோட பணிவு. நீங்க வேலை நடுவுல நிக்கறீங்க, உங்களுக்கு இப்போ தேவை இரக்கம் இல்ல, தகவல். மன்னிப்பு கேட்டுட்டு கதையை நீட்டினா படிக்கறவர் மனசுல ‘பாவம், புதுசு, தட்டிக் குடுப்போம்’னுதான் தோணும். அதே மாதிரி கதைக்கு முன்னாடி ‘இது ஒரு அப்பா மகன் உறவைப் பத்தின கதை, கடைசில அந்தப் பை எதைக் குறிக்குதுன்னா...’ன்னு விளக்கமும் வேண்டாம். கதை தானா சொல்லுதான்னு பாக்கத்தானே குடுக்கறீங்க, விடையை முன்னாடியே சொல்லிட்டா சோதனை கெட்டுப் போச்சு.

ஒரு உதாரணக் கதை வச்சுக்குவோம், கீழ பேசறதுக்கு வசதியா இருக்கும். அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு அப்பா, பழைய தோல் டிக்கெட் பையையும் விசிலையும் தூக்கிப் போட மாட்டேங்கறார், மகன் வீடு மாத்தறப்போ அதைப் பழைய சாமான்கூட போட்டுடறான். இதான் கதை. இதைக் குடுத்து ‘எப்படி இருக்கு’ன்னு கேட்டா ‘நல்லா இருக்கு, அப்பா ஞாபகம் வந்துருச்சு’ம்பாங்க. அதுக்கு பதிலா இப்படி கேளுங்க: எந்த இடத்துல போனை எடுத்து பாக்கணும்னு தோணுச்சு? எந்த வரியை ரெண்டு தடவை படிக்க வேண்டி இருந்துச்சு? மகன் மேல எப்போ கோபம் வந்துச்சு, வரவே இல்லையா? கதையை மூடி வச்சுட்டு என்ன நடந்துச்சுன்னு உங்க வார்த்தைல நாலு வரி எழுதி அனுப்புவீங்களா?

கடைசிக் கேள்வியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீங்க, அது எக்ஸ்ரே. நீங்க எழுதினதா நினைச்சிட்டு இருக்கற கதைக்கும் அவர் மண்டைக்குள்ள போய் சேர்ந்த கதைக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளி இருக்குன்னு அந்த நாலு வரில பளிச்சுன்னு தெரியும். ‘மகன் தெரியாம போட்டுட்டான்’னு அவர் எழுதினா, வேணும்னேதான் போட்டான்னு நீங்க நினைச்சு எழுதினது தாள்ல ஏறவே இல்லன்னு அர்த்தம். இதுக்கு அவர் விமர்சகரா இருக்க வேண்டியதில்ல, யாரையும் புண்படுத்த வேண்டியதில்ல, படிச்சதை திரும்பச் சொன்னா போதும். கேக்கறதுக்கும் சுலபம், சொல்றதுக்கும் சுலபம், இருந்தும் ஏன் யாரும் கேக்கறதில்லன்னு எனக்கு எப்பவும் ஆச்சரியம்.

நம்ம ஆளுங்க கிட்ட இன்னொரு சிக்கல் உண்டு, ஏதோ சரியில்லன்னு தெரியும், ஆனா அதை எப்படி சொல்றதுன்னு தெரியாது, உடனே ஒற்றுப்பிழைல போய் நின்னுடுவாங்க. ‘இந்த இடத்துல க் வரணும், அந்த இடத்துல ப் வரக்கூடாது’ன்னு எட்டு இடம் காட்டிட்டு விமர்சனம் முடிஞ்சுதுன்னு போயிடுவாங்க. அது பிழைதிருத்தம், தேவைதான், ஆனா கடைசி வடிவத்துக்கு அப்புறம் செய்யற வேலை. நாளைக்கு முழுசா வெட்டப்போற பத்தில சந்தி சரி பாத்து என்ன பிரயோஜனம். அனுப்பும்போதே ‘எழுத்துப்பிழை இப்போ பாக்க வேண்டாம், அதுக்கு அப்புறம் தனியா அனுப்பறேன்’னு எழுதிடுங்க.

குறையை எப்படி சொல்றதுங்கறதுக்கு தமிழ்ல ஒரு அற்புதமான பட்டியல் எழுநூறு எண்ணூறு வருஷமா சும்மா கிடக்கு. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்துல ஒரு நூலுக்கு ஆகாத பத்து குற்றம்னு சொல்றார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல் (பிழையான சொல்லைச் சேர்க்கறது), மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் (பொருள் இல்லாம வார்த்தையை அடுக்கறது), மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை (வார்த்தை இருந்தும் பயன் இல்லாதது). ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி பரீட்சைக்கு எழுதிட்டு மறந்திருப்போம். அவர் சொன்னது பொதுவா நூல்களுக்கு, சிறுகதைன்னு ஒரு வடிவமே அப்போ கிடையாது, ஆனா நம்ம கண்டக்டர் கதை மேல இதை வச்சுப் பாருங்க, எவ்வளவு துல்லியமா உக்காருதுன்னு தெரியும்.

அப்பாவும் மகனும் ஏன் பேசிக்கறதில்லன்னு உங்களுக்கு தெரியும், மனசுல வச்சிருக்கீங்க, தாள்ல எழுதல, வாசகருக்கு அந்தக் கோபம் அந்தரத்துல நிக்குது. இது குன்றக் கூறல். ‘“போய்த் தொலைங்க” என்று கதவை அறைந்து சாத்தினான். அவனுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது’ன்னு ரெண்டாவது வரி எழுதறீங்க பாருங்க, கதவை அறைஞ்சப்பவே தெரிஞ்சு போச்சே, இது கூறியது கூறல், புதுசா எழுதற எல்லார் கதைலயும் நான் அதிகமா பாக்கறது இதைத்தான், அதுலயும் வசனத்துக்கு அடுத்த வரிலதான் இது வந்து உக்காரும். முதல் பக்கத்துல அம்மா போய் வருஷமாச்சுன்னு இருக்கும், நாலாவது பக்கத்துல அம்மா காபி கொண்டு வருவாங்க, இது மாறுகொளக் கூறல், எழுதினவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது, வெளி ஆள்தான் பிடிக்கணும். ஒரே பத்தில அப்பா, மகன், பழைய சாமான்காரர் மூணு பேரும் ‘அவர்’, ‘அவன்’னு சுத்திட்டு இருப்பாங்க, யார் பையைத் தூக்கினாங்கன்னு புரியாது, மயங்க வைத்தல். கதை வீட்டுக்குள்ள நடக்குது, ஆனா நீங்க ஆரம்பத்துல ஒன்றரைப் பக்கத்துக்கு பஸ் ஸ்டாண்டை வர்ணிச்சிருக்கீங்க, டீக்கடை, பூக்காரம்மா, மழை பேஞ்ச தார் ரோடு எல்லாம் அழகா இருக்கு, ஆனா மற்றொன்று விரித்தல். அழகா இருக்கறதாலதான் வெட்டறது கஷ்டம், ‘அழகா இருக்கு ஆனா கதை இன்னும் ஆரம்பிக்கல’ன்னு ஒருத்தர் சொன்னாதான் மனசு வரும்.

அந்தப் பட்டியல்ல எனக்கு ரொம்ப பிடிச்சது சென்று தேய்ந்து இறுதல். நல்லா வேகமா போயிட்டு இருந்த கதை, மகன் குப்பைல பையைத் தேடற இடம் வரைக்கும் மூச்சைப் பிடிச்சுட்டு படிச்சோம், அங்கேர்ந்து ‘இன்றைய தலைமுறை பெற்றோரின் உணர்வுகளை...’ன்னு ஒரு பத்தி ஆரம்பிக்குது, முடிஞ்சு போச்சு, கதை தேஞ்சு காணாம போயிருச்சு. பேஸ்புக்ல அந்தக் கடைசிப் பத்திக்குத்தான் அதிகமா லைக் விழும், அது உண்மை, ஏன்னா அதை மட்டும் தனியா எடுத்து ஷேர் பண்ணலாம். போட்டில நடுவரா இருக்கறவர் பல கதைகள்ல அதே பத்தியை வேற வேற வார்த்தைல படிச்சிருப்பார். உங்களுக்கு ஒரு இடத்துல பாராட்டும் இன்னொரு இடத்துல மௌனமும் கிடைக்கறதுக்கு பாதிக் காரணம் இதுவா இருக்கும்னு நான் நினைக்கறேன்.

இந்தப் பத்தையும் ஒரு தாள்ல எழுதி உங்க வாசகர்கள் கிட்டயே குடுத்துடுங்க, ‘எந்த வரில இதுல எது நடக்குதோ நம்பரைப் போடுங்க’ன்னு சொல்லுங்க. ‘உன் கதை போர்’னு சொல்ல வாய் வராதவங்க கூட 8ன்னு ஓரத்துல எழுத தயங்க மாட்டாங்க. குறை ஆள் மேலேர்ந்து இறங்கி வரி மேல போயிடுது. மரபுக்கவிதை எழுதறவங்களுக்கு இந்த வசதி எப்பவுமே இருந்துச்சு, வெண்பா எழுதி நாலு பேர் முன்னாடி வச்சா ‘ரெண்டாவது அடி மூணாவது சீர்ல தளை தட்டுது’, ‘ஈத்தடி நாள், மலர், காசு, பிறப்புல எதுலயும் முடியல’ன்னு விரல் வச்சு காட்டிடலாம், யாரும் கோவிச்சுக்க முடியாது, போய் மாத்திட்டு வருவாங்க. கதைக்கு அப்படி தளைன்னு ஒரு இலக்கணக் கட்டு கிடையாது, அதனாலதான் கதை விமர்சனம் சட்டுன்னு ‘பிடிச்சுது, பிடிக்கல’ன்னு சுருங்கிப் போகுது. அந்த விரல் வைக்கற இடத்தை நீங்கதான் உருவாக்கிக் குடுக்கணும்.

விமர்சனம் வந்தாச்சு, இனிமே என்ன செய்யறது? முதல் நாள் பதில் எழுதாதீங்க. ‘நன்றி, படிச்சுட்டேன், யோசிக்கறேன்’, இவ்வளவு போதும். அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல 1936லேர்ந்து எழுத்துப் பட்டறை நடக்குது, அங்கேர்ந்து பரவின வழக்கத்துல எழுதினவர் வாயே திறக்கக்கூடாது, மத்தவங்க பேசி முடிக்கற வரைக்கும் கேட்டுட்டு உக்காந்திருக்கணும். இதுல நியாயம் இருக்கு, கதை அச்சுல போன அப்புறம் நீங்க ஒவ்வொரு வாசகர் பக்கத்துலயும் உக்காந்து விளக்கம் சொல்ல முடியாதில்லையா. ஆனா இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு, அதுலயும் நியாயம் இருக்கு. கடற்கரை ஊர்க்காரர் ஒருத்தர் தன் ஊர்ச் சொல்லோட எழுதின கதையை, அந்த ஊரே தெரியாத பத்துப் பேர் உக்காந்து ‘இந்த வார்த்தை புரியல, அந்த வார்த்தை புரியல’ன்னு பேசியே நேரத்தை ஓட்டினா, வாய் மூடி கேட்டுட்டு இருக்கறதுல அவருக்கு என்ன லாபம்?

அதனால நான் சிபாரிசு பண்றது லிஸ் லெர்மன்னு ஒரு அமெரிக்க நடன அமைப்பாளர் 1990 வாக்குல உருவாக்கின முறை. நடனத்துக்குன்னு ஆரம்பிச்சது, இப்போ எல்லா கலைக்கும் எடுத்துக்கறாங்க. முதல்ல பாத்தவங்க தங்களுக்கு எது மனசுல நின்னுச்சுன்னு சொல்லணும். அடுத்து படைச்சவர் தன்னோட சந்தேகத்தை கேக்கணும். அதுக்கப்புறம் பாத்தவங்க கேள்வி கேக்கலாம், ஆனா அந்தக் கேள்விக்குள்ள தீர்ப்பு ஒளிஞ்சிருக்கக் கூடாது, ‘அந்த அப்பாவை ஏன் இவ்ளோ பிடிவாதக்காரரா காட்டினீங்க’ன்னு கேக்காம ‘அப்பா அந்தப் பையை வச்சிருக்கறதுக்கு என்ன காரணம் மனசுல வச்சிருந்தீங்க’ன்னு கேக்கணும். கடைசியாதான் கருத்து, அதுவும் ‘முடிவைப் பத்தி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா’ன்னு கேட்டு, படைச்சவர் சரின்னா மட்டும். வாட்ஸ்அப் குரூப்ல கூட இதை செய்யலாம், ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் கால் போட்டும் செய்யலாம்.

வந்ததுல எதை எடுக்கறது எதை விடறதுங்கறதுக்கு நான் பிடிச்சுக்கற ஒரே கயிறு, வலி எங்கன்னு வாசகர் சொன்னா நம்புங்க, மருந்து என்னன்னு அவர் சொன்னா யோசிங்க. மூணு பேர் ‘முடிவு சப்புன்னு இருக்கு’ன்னா முடிவுக்கிட்ட வர்றப்போ அவங்களுக்கு ஒண்ணுமே ஆகலங்கறது உண்மை, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா ஒருத்தர் ‘அப்பாவை சாகடிச்சிருங்க’ம்பார், இன்னொருத்தர் ‘மகன் மன்னிப்பு கேக்கட்டும்’பார், மூணாவது ஆள் ஒரு ட்விஸ்ட் குடுப்பார். பெரும்பாலும் கோளாறு முடிவுலயே இருக்காது, நடுவுல எங்கயோ அந்த விசில் அப்பாவுக்கு எவ்ளோ பெருசுன்னு காட்டற ஒரு காட்சி விட்டுப் போயிருக்கும், அதை வச்சுட்டா அதே பழைய முடிவு அதே வார்த்தையோட அடிச்சுத் தூக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கறது உங்க வேலை மட்டும்தான், வேற யாராலயும் முடியாது, ஏன்னா அந்தக் கதைல என்னென்ன எழுதாம விட்டீங்கன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ரெண்டு பேர் நேர் எதிரா சொன்னா பயப்படாதீங்க. ஒருத்தருக்கு அந்த மகன் அரக்கனா தெரியறான், இன்னொருத்தருக்கு பாவமா தெரியறான்னா கதைக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம், அங்க கை வைக்க வேண்டாம். எல்லாரும் ஒரே பக்கத்துல தூங்கி விழுந்தா அங்கதான் கை வைக்கணும்.

ஏஐ கிட்ட குடுத்து கேக்கறவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க. எழுத்துப்பிழை, பேர் மாறிப் போனது, தேதி முரண் இதெல்லாம் சிலநேரம் பிடிச்சுக் குடுக்கும், அதுக்கு வச்சுக்கலாம். ஆனா அதுக்கு சலிப்பு தட்டாது, நடுவுல டீ குடிக்க எழுந்து போகாது, அப்பா ஞாபகமும் வராது. உங்களுக்கு வேண்டிய தகவலே அதுதானே.

காயப்படுத்தற விமர்சனத்தைப் பத்தி கொஞ்சம் பேசணும், இதை லேசா விட எனக்கு மனசில்ல. ‘கடுமையா சொன்னாதான் வளருவாங்க’ன்னு நம்ம இலக்கிய வட்டாரத்துல ஒரு நம்பிக்கை ஆழமா இருக்கு. 1996ல க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆய்வாளர்கள், ஃபீட்பேக் பத்தி அதுவரைக்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 607 அளவீடுகளை வச்சு பாத்தாங்க. கதை எழுதறதைப் பத்தின ஆய்வுகள் இல்ல, பொதுவா வேலை, படிப்பு பத்தினது. சராசரியா பாத்தா ஃபீட்பேக் உதவி செஞ்சிருக்கு, ஆனா மூணுல ஒரு பங்குக்கும் மேல ஃபீட்பேக் வாங்கின அப்புறம் செயல்பாடு மோசமாயிருக்கு. அவங்க சொன்ன காரணம், சொல்ற விஷயம் வேலையை விட்டு விலகி ஆள் மேல, ‘நான் எப்படிப்பட்டவன்’ங்கறது மேல கவனத்தைத் திருப்பினா பலன் குறைஞ்சுடுது. கவனிங்க, இது பாராட்டுக்கும் பொருந்தும். ‘நீ பிறவி எழுத்தாளன்டா’ன்னு சொல்றதும், ‘உனக்கெல்லாம் எதுக்கு எழுத்து’ன்னு சொல்றதும் ரெண்டுமே உங்க கதைல ஒரு வரியைக் கூட தொடல. ரெண்டையும் ஒரே மாதிரி ஓரமா வச்சுடுங்க. ‘நாலாவது பக்கத்துல அம்மா எப்படி உயிரோட வந்தாங்க’ன்னு கொஞ்சம் எரிச்சலா கேட்டா கூட அவர் உங்களுக்கு வேண்டியவர், அவரை விட்டுடாதீங்க.

பெண்கள் எழுதினா இன்னொரு தொல்லை உண்டு. கதைல ஒரு பொண்ணு புருஷனை விட்டுப் போனா ‘உங்க வாழ்க்கைல நடந்ததா’ன்னு இன்பாக்ஸ்ல வந்து நிப்பாங்க, ‘விமர்சனம் போன்ல சொல்றேன், நம்பர் குடுங்க’ம்பாங்க. அது விமர்சனம் இல்ல, அதுக்கு பதில் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு கிடையாது, பிளாக் பண்ணிட்டு அடுத்த வேலையப் பாருங்க. கருத்து எல்லாமே டாக் ஓரத்துல, எழுத்துல மட்டும்தான்னு ஆரம்பத்துலயே விதி வச்சுட்டா இதுல பெரும்பகுதி குறையும்.

எத்தனை தடவை கேக்கறதுங்கறதுக்கும் ஒரு அளவு வச்சுக்குங்க. ஒரே ஆள்கிட்ட ஒரே கதையை ரெண்டு தடவைக்கு மேல குடுக்காதீங்க, மூணாவது தடவை அவர் படிக்கறது உங்க கதையை இல்ல, தன்னோட பழைய கமெண்ட்டை நீங்க கேட்டீங்களா இல்லையான்னுதான் பாப்பார். திருத்தின வடிவத்துக்கு புது ஆள் ஒருத்தரை மிச்சம் வச்சிருங்க. நாலு பேரையும் முதல் டிராஃப்ட்லயே செலவு பண்ணிடாதீங்க.

அனுப்பறப்போ என்ன எழுதறதுன்னு தெரியலன்னா இதையே எடுத்துக்குங்க, உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க:

‘வணக்கம். 1,800 வார்த்தைல ஒரு சிறுகதை, ரெண்டாவது டிராஃப்ட், இன்னும் எங்கயும் வெளியாகல, அடுத்த மாசம் ஒரு போட்டிக்கு அனுப்பணும். படிக்க இருபது நிமிஷம் ஆகலாம். எழுத்துப்பிழை இப்போ வேண்டாம். படிக்கறப்போ எங்க மனசு விலகுச்சோ அங்க ஒரு கோடு போடுங்க, எங்க குழப்பமோ அங்க ஒரு கேள்விக்குறி. முடிச்ச அப்புறம் என்ன நடந்துச்சுன்னு நாலு வரி. மகன் தெரிஞ்சு செஞ்சானா தெரியாம செஞ்சானா, உங்களுக்கு என்ன தோணுச்சு? நேரம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். உங்க கதை ஏதாவது இருந்தா அனுப்புங்க, இந்த வாரமே படிச்சு எழுதறேன்.’

வார்த்தை எண்ணிக்கை, போட்டி எப்போங்கறது, எதைப் பாக்கணும், எதைப் பாக்க வேண்டாம், மறுக்கறதுக்கு ஒரு வழி, இது அஞ்சும் அதுக்குள்ள இருக்கறதை கவனிங்க. மறுக்கற வழி ரொம்ப முக்கியம், அது இல்லன்னா முடியாதவங்க கூட சரின்னு சொல்லிட்டு ஒரு மாசம் கழிச்சு ‘அருமை’ன்னு அனுப்புவாங்க.

பேஸ்புக்ல போடறதை நிறுத்த வேண்டாம், அங்க வர்ற அன்பு உண்மையான அன்புதான், எழுதறவங்களுக்கு அதுவும் வேணும். புதுசா எழுதற அடுத்த கதையை மட்டும் போடாம வச்சிருங்க, மேல சொன்ன மூணு பேரை இந்த வாரம் தேடி, அதுல எழுதறவர் இருந்தா அவர் எழுத்துல ஒண்ணை எடுத்து நன்னூல் பத்தையும் பக்கத்துல வச்சுட்டு படிச்சு எழுதி அனுப்புங்க, உங்க கதையை அதுக்கு அடுத்த வாரம் குடுங்க.